அட்டலில் கிடந்த குழல்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவைக் காலி செய்ய மூன்று நாள் போதும் என்று நினைத்தோம். எட்டு நாள் பிடித்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்னும் திண்ணை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. ஆனால் நான்கு தலைமுறை அதற்குள்தான் பிறந்து வளர்ந்து போய்ச் சேர்ந்தது. ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனிவீட்டின் சாவி கைக்கு வந்த பிறகு, அந்தச் சின்ன அறைக்குள் இத்தனை சாமான் எப்படி அடங்கியது என்று எங்களுக்கே பிடிபடவில்லை.

கடைசியில் மிஞ்சியது அட்டல். அடுப்புக்கு மேலே பலகை அடித்துக் கட்டிய பரணை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஈர விறகை உலர்த்துவதும் அங்கேதான், தூக்கி எறிய மனம் வராததை ஏற்றி வைப்பதும் அங்கேதான். வருஷக்கணக்காகப் புகை படிந்து, எதைத் தொட்டாலும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். தம்பி மேலே ஏறி ஒவ்வொன்றாக நீட்டினான், நான் கீழே நின்று வாங்கினேன். தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி. அப்பாயியின் மட்டக்கம்பு. அடி போன கொழுந்துக்கூடை. காமன் கூத்தில் பெரியப்பா கட்டி ஆடிய சலங்கை. எல்லாவற்றுக்கும் பேர் தெரியும், யாருடையது என்றும் தெரியும். அப்புறம், படங்குத் துணியில் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கிய ஒன்று வந்தது.

“அக்கா, பாத்துப் புடி. கனமா இருக்கு.”

பிரித்துப் பார்த்தேன். இரும்பு. தேநீர்க் கோப்பையின் சோசர் அளவுக்கு வட்டமான அடிப்பாகம். அதிலிருந்து ஒரு தண்டு எழும்பி, பாம்பு தலை தூக்கியது போல வளைந்து, ஒரு சாண் உயரத்தில் ஒரு குழலைக் கிடையாகத் தாங்கிக்கொண்டிருந்தது. குழல் ஒரு கப்பல் வாழைப்பழத்தின் நீளமும் பருமனும் இருக்கும். ஒரு முனை திறந்திருந்தது. மறுமுனை மூடி, மழுங்கலாக உருண்டிருந்தது. எழுத்து, முத்திரை எதுவும் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். “நான் கல்யாணம் முடிச்சி வந்தப்பவே அது மேலதான் கெடந்துச்சி. ஒங்க அப்பாயி தொடவுடாது” என்றார். அப்பாயி போய்ப் பதினாறு வருஷமாகிறது.

அது 2023. மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 வருஷம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் அந்தப் பழைய பாதையில் ஆட்கள் நடந்தார்கள். நான் படிப்பிக்கும் பள்ளியில் வீட்டுப் பழம்பொருட்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. பிள்ளைகள் கொண்டுவந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதினோம்: பெயர், பயன், உரியவர். எங்கள் வீட்டு அட்டலிலிருந்து வந்த இந்தச் சாமானுக்கு மட்டும் மூன்று கோடும் வெறுமையாகவே இருந்தன. அது என்னை உறங்கவிடவில்லை. அப்பாயி கம்பி போட்டுக் கட்டி, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த ஒன்றைப் பேர் இல்லாமல் மேசையில் வைக்க எனக்கு மனமில்லை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா, குழாப்புட்டு அவிக்கும் குழல்தான், வேறென்ன என்றார். தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி, கொழுந்து அரைக்கும் ரோலர் மிசினின் பழைய பாகமாக இருக்கும் என்றான். கோயில் பூசாரி ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தூபக்கால் மாதிரித் தெரியுது, ஆனா வாய் ஏன் பக்கவாட்டுல இருக்கு என்று அவரே கேட்டுக்கொண்டார். சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை, அது ஜப்பான்காரன் குண்டு. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது உண்மைதான். ஆனால் குண்டுக்கு யார் கால் வைத்துச் செய்வார்கள்? பழைய இரும்பு வாங்க வருகிறவர் கையில் தூக்கி எடை பார்த்து, “வார்ப்பு டீச்சர், நல்ல வார்ப்பு, தாறீங்களா?” என்றார். அவர் சொன்னது மட்டும்தான் கடைசிவரைக்கும் சரியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைத் துலக்கினேன். முதலில் மண்ணெண்ணெய், பிறகு அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும். புகைக்கறை பட்டை பட்டையாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த இரும்பைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டேன். குழலின் வெளிப்பக்கம் அவ்வளவு வழுவழுப்பு. ஆற்றுக் கல்லைத் தடவுவது போல இருந்தது, ஒரு சொரசொரப்புக் கிடையாது. விரலை உள்ளே விட்டால் நேர்மாறு: கரடுமுரடாக, செதில் செதிலாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. திறந்த வாயைச் சுற்றி இரும்பு நீலம் பாய்ந்திருந்தது, மறுபடி மறுபடி சூடு பட்ட இரும்பு மாதிரி.

புட்டுக் குழல் என்றால் உட்புறம்தானே வழுவழுப்பாக இருக்க வேண்டும்? இதற்கு உள்ளே எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வெளிப்புறம்தான் முக்கியம். ஏதோ ஒன்று இந்தக் குழலின் மேலே உரசி உரசிப் போயிருக்கிறது. சூடு உள்ளேயிருந்து வந்திருக்கிறது. அடி கனமாக இருப்பது, இழுத்தால் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்கு. இவ்வளவும் எனக்கு அன்றைக்கே புரிந்தது. எதை உரசினார்கள் என்பதுதான் புரியவில்லை.

கண்டிக்குப் போன ஒரு நாள் ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்கும் போய்ப் பார்த்தேன். 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலைக் கட்டடம். மாடி மாடியாக ரோலர்களும் பழைய என்ஜின்களும் நிற்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லருக்கும் அங்கே இடம் உண்டு. எங்கள் இரும்புக்குச் சொந்தம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் கூடையும் உரலும் விளக்கும் எங்கள் வீட்டில் இருந்தவைதான், பார்த்தால் மனசு நிறையும். ஆனால் இது தொழிற்சாலைச் சாமானும் இல்லை, லயத்துச் சாமானும் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடம். தோட்டத் துரையின் பங்களா.

அப்போதுதான் அம்மா சொன்னார், “மேட்டு லயத்து அம்மாயிகிட்ட கேட்டியா? அதோட அம்மாதான் தொரசாணிகிட்ட ஆயாவா இருந்துச்சே” என்று. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அம்மாயிக்கு எண்பத்தேழு வயது. காது கொஞ்சம் மந்தம், கண் தெளிவு. இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நான் பையிலிருந்து குழலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் சேலை முந்தானையின் ஓரத்தை இரண்டு கையாலும் ஒரு விரல்கடை இடைவெளி விட்டுப் பிடித்தார். குழலின் மேல் போட்டார். இரண்டு பக்கமும் கீழே ஓர் இழுப்பு, தூக்கினார், ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தார், மறுபடி ஓர் இழுப்பு. கை தானாகப் போனது. நாலைந்து தடவை செய்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பிரில்லுக் கொழலு புள்ள. எங்கம்மாவோட கையி இதுலதான் தேஞ்சிச்சி.”

அவர் சொன்னதை நான் அப்படியே குறிப்பேட்டில் எழுதினேன். துரை வீட்டுக் குழந்தைகளின் கவுனுக்கு, தலையணை உறைக்கு, தொப்பிக்கு, எல்லாவற்றின் ஓரத்திலும் பிரில் வைத்திருப்பார்கள். துவைத்துக் கஞ்சி போட்டால் பிரில் சப்பென்று ஒட்டிப் படுத்துவிடும். சாதாரண இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் இன்னும் தட்டையாகும். அதை ஈரம் காய்வதற்கு முன்னால் இந்தக் குழலில் போட்டு இழுத்தால், அலை அலையாக எழுந்து நிற்கும். ஒவ்வோர் அலையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரு கவுனுக்கு அரை நாள் ஆகும். எங்கள் மலையில் மே மாதம் பிடிக்கிற மழை எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்? பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். காலையில் எடுத்த அலை மாலைக்குள் துவண்டுவிடும். அடுத்த நாள் முதலிலிருந்து.

சூடு எப்படி வரும் என்று கேட்டேன். அதுதான் இந்தச் சாமானின் சூட்சுமம். குழலை நெருப்பில் வைப்பதில்லை. ஒரு தடித்த கம்பியை அடுப்பில் காயவைத்து, அதைக் குழலுக்குள் செருகுவார்கள். கம்பியின் கரியும் சாம்பலும் உள்ளேயே இருந்துவிடும். வெளியே வருவது வெறும் சூடு. வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி கறுப்புப் படாது. விறகு அடுப்பின் புகையோடு பிறந்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் அந்தக் கருவியைச் செய்தவர் யாராக இருந்தாலும் கையெடுக்கத் தோன்றியது. கரி இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஒரு பொறி தெறித்து எத்தனை பள்ளிச் சட்டைகள் பாழாகியிருக்கின்றன எங்கள் வீட்டில்!

“ரெண்டு கம்பி இருக்கும். ஒண்ணு கொழலுக்குள்ள, ஒண்ணு அடுப்புல. இது ஆற ஆற அத மாத்தணும். ரொம்பக் காஞ்சிட்டா துணி தீஞ்சிரும். மொதல்ல ஒரு கந்தலப் போட்டுப் பாத்துட்டுத்தான் கவுனத் தொடும் எங்கம்மா.” 

ஒரு தடவை அதுவும் தவறிவிட்டதாம். தலையணை உறையின் மூலையில் பெருவிரல் அளவுக்குப் பழுப்பாக ஒரு தீய்ச்சல். அந்த உறைக்கான காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அம்மாயிக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. உலகப் போர் நேரம். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்று, இலங்கை முழுக்கக் கூப்பன் அரிசி. சம்பளம் குறைந்த அந்த மாதம் வீட்டில் எப்படிப் போனது என்பதை அம்மாயி இன்றைக்கும் மறக்கவில்லை.

“நமக்குக் குடிக்கக் கஞ்சி இல்ல. அங்க துணிக்குக் கஞ்சி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். 

அவருக்கு ஒரு தடவையாவது அம்மா அந்தக் குழலில் பிரில் எடுத்துப் போட்டுவிட்டிருக்கிறாரா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். “பிரில்லு வச்ச கவுனு நமக்கு ஏது புள்ள? நான் குசினிக் கதவுக்கு வெளிய நின்னு பாப்பேன், அவ்வளவுதான்.”

கிளம்பும்போதுதான் அவர் கேட்டார்: “ஆமா, கம்பி எங்க?”

எந்தக் கம்பி என்றேன். ஒரு முழ நீளம், முன்பாதி பெருவிரலை விடத் தடிமன், நுனி மழுங்கல், பின்னால் பிடிக்க ஒரு வளையம் என்று கையால் காட்டினார். அந்த வளையத்தைக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கம்பியை நான் பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அடுப்புக்கம்பி! அப்பாயி தணல் கிளறியது அதனால்தான். மூங்கிலில் புல்லாங்குழலுக்குத் தாத்தா ஓட்டை போட்டுத் தந்தது அதைக் காய்ச்சித்தான். 2022இல் நாடு முழுக்க கேஸ் இல்லாமல் போனபோது, ஊரே விறகுக்கு அலைந்த அந்த நாட்களில், தினமும் என் கையில் இருந்ததும் அதுதான். புது வீட்டின் பின்பக்கம் அம்மா மண் அடுப்பு ஒன்று போட்டபோது, முதலில் கொண்டுபோய்ச் சாத்திவைத்தது அந்தக் கம்பியைத்தான்.

பணிய லயத்தைத் தாண்டிப் புது வீட்டுக்கு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கம்பியை எடுத்துத் துடைத்து, குழலின் வாயில் வைத்துத் தள்ளினேன். நுனி கொஞ்சம் தேய்ந்திருந்தது. இரும்பில் இரும்பு உரசி ஒரு சத்தம், கடைசியில் டக்கென்று போய் முட்டியது. உருண்ட நுனி உருண்ட முனையில் உட்கார்ந்தது. மிச்சக் கம்பியும் வளையமும் வெளியே நின்றன. ஒன்று அடுப்புக்கு மேலே, ஒன்று அடுப்போரம். கைக்கெட்டும் தூரத்தில் ஏறக்குறைய ஐம்பது வருஷம் இருந்திருக்கின்றன.

அம்மாவும் வந்து பார்த்தார். அப்புறம்தான் பழைய கதை ஒன்று அவருக்கு நினைவு வந்தது. தாத்தா பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர். 1975இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு எடுத்தபோது, இருந்த துரை சாமான் கட்டிக்கொண்டு போனார். வேண்டாததையெல்லாம் பின்பக்கக் குழியில் கொட்டினார்களாம். அதிலிருந்து தாத்தா தூக்கி வந்தவைதான் இவை. கம்பி உடனே அடுப்புக்கு ஆனது. குழலைப் பார்த்ததும் அப்பாயி பயந்துவிட்டார். துரை வீட்டுச் சாமான், யாராவது கேட்டு வந்து களவு என்று சொல்லிவிட்டால்? பேர் வெட்டினால் வேலையும் போகும், காம்பராவும் போகும். திருப்பிக் கொடுக்கவும் ஆள் இல்லை, எறிந்தால் யாராவது பார்ப்பார்கள். சுற்றிக் கட்டி அட்டலில் போட்டுவிட்டார். கம்பியை யார் பார்த்தாலும் கம்பி, அதற்குப் பயமில்லை. குப்பையில் கொட்டிய ஒரு துண்டு இரும்புக்காக ஒரு மனுசி சாகும்வரை பயந்திருக்கிறார். யாரும் தொடக் கூடாது என்று அவர் சொன்னதைச் சின்ன வயதில் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன், ஏதோ சாமி சாமான் என்று.

பயன் தெரிந்த பிறகு ஆங்கிலப் பெயர் கிடைப்பது பெரிய வேலையாக இல்லை. கோஃபரிங் அயர்ன் என்கிறார்கள். தேன்கூட்டையும் அதுபோல் கட்டம் விழுந்த ஒருவகை அப்பத்தையும் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இத்தாலியன் அயர்ன் என்றும் சொல்வார்கள். சாதாரண சனங்களின் வாயில் அது தேய்ந்து டாலி அயர்ன் ஆகியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெரிய மனிதர்கள் கழுத்தைச் சுற்றித் தட்டுப் போல ஒரு மடிப்புப் பட்டி போட்டிருப்பார்களே, படங்களில் பார்த்திருப்பீர்கள், அந்தப் பட்டிக்குக் காய்ச்சிய குச்சிகளால் மடிப்பு எடுத்தார்கள். அந்த வேலையைத்தான் பின்னாளில் இந்தக் குழலும் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வீடுகளில் இது சாதாரணமாகப் புழங்கியது. கையால் சுற்றும் பல்லுருளை இயந்திரமும் இதே வேலைக்கு வந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு உடுப்புகள் எளிதாகி, அங்கே இவை வழக்கொழிந்து போயின. எங்கள் மலையில், அதற்குப் பிறகும் இருபது இருபத்தைந்து வருஷம் ஒரு தாயின் கை இதில் தேய்ந்திருக்கிறது. 

கண்காட்சிக்கு முந்தின வாரம், அம்மாயியை என் மகளின் கைத்தாங்கலில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மகளின் பழைய வெள்ளைக் கவுன் ஒன்றின் பிரில்லைப் பிரித்துக் கஞ்சி போட்டு வைத்திருந்தேன். அம்மா கம்பியைக் காய்ச்சித் தந்தார். அம்மாயி கந்தல் ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தார். ஆவி எழும்பியது, தீயவில்லை. பிறகு பிரில். முதல் இரண்டு அலை கோணல். மூன்றாவதிலிருந்து ஒரே சீர். ஈரத் துணி குழலில் படும்போது வரும் அந்த மெல்லிய சீறலும், காய்ந்த கஞ்சியின் வாசமும் அடுப்படி முழுக்க நிறைந்தன. ஒரே கம்பி என்பதால் ஆறும்போதெல்லாம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு முழத் துணிக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. முடித்துவிட்டு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் மகள் கையை நீட்டினாள். அம்மாயி கொடுக்கவில்லை. தன் ரவிக்கைக் கையின் ஓரத்தில் வைத்து, எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டார்.

அந்தத் துணியை அவரே கொண்டுபோய்விட்டார்.

அட்டையை எழுத உட்கார்ந்தேன். பெயர்: பிரில்லுக் குழல். பயன் எழுதுவதும் சுலபம். உரியவர் என்ற இடத்தில் கை நின்றது. குப்பையில் கொட்டிவிட்டுப் போனவரை அங்கே எழுத முடியாது. பயந்து பயந்து ஒளித்து வைத்த அப்பாயியும், எழுதினால் சண்டைக்கு வருவார். கடைசியில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘வேலை செய்தவர்’ என்று போட்டு, அம்மாயியின் அம்மா பெயரை எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுத, மேட்டு லயத்துக்கு மறுபடி ஒரு தடவை போய்க் கேட்டு வந்தேன்.

கண்காட்சி முடிந்து குழல் வீட்டுக்கு வந்துவிட்டது. கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன், கம்பியைச் செருகித்தான் வைத்தேன். ஆனால் சாயங்காலம் பின்பக்க அடுப்பை மூட்டும்போது அம்மாவுக்கு அது வேண்டும். அலமாரியைத் திறந்து உருவிக்கொண்டு போவார். தணலைக் கிளறி, சுடுதண்ணி இறக்கி, கம்பியை ஆறவைத்துத் துடைத்து, படுக்கப் போவதற்கு முன்னால் கொண்டுவந்து உள்ளே செருகுவார். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.